ஒரே போனில் இரண்டு குடித்தனம்: ஆண்ட்ராய்டு வொர்க் புரொஃபைலுடன் பதினான்கு மாதங்கள்

முந்தைய வேலையிலிருந்து விலகிய நாளில் ஐ.டி. பிரிவின் மேசைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தேன். கையில் அலுவலகம் கொடுத்த போன். அதை வாங்கிக்கொள்ள இருந்த பையன் மரியாதையானவன். “மேடம், இதில் உங்களுடைய படம், கிடம் ஏதாவது இருந்தால் இப்போதே எடுத்துக்கொள்ளுங்கள். இருபது நிமிடத்தில் ரீசெட் செய்யவேண்டும்” என்றான்.

இருபது நிமிடத்தில் எதை எடுப்பது? நானும் என் தங்கையும் மூன்று வருடம் பேசியது அத்தனையும் அந்த போனில்தான் இருந்தது. அம்மா அவளோடு இருக்கிறார். எந்த மாத்திரை காலையில், எது சாப்பாட்டுக்குப் பின், நேற்று இரவு எத்தனை முறை எழுந்தார், இன்று யாரைத் திட்டினார் என்று வேலைக்கு நடுவே எனக்கு வந்துகொண்டிருந்த குரல்செய்திகள். சொந்தக் கணக்கு எதையும் சேர்க்கமுடியாதபடி அந்த போனை நிறுவனம் பூட்டி வைத்திருந்தது. ஆகவே பேக்கப் என்று ஒன்று கிடையாது. தங்கையிடம் இருக்குமே என்பீர்கள். போனில் இடமில்லை என்று மாதத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் அழித்துத் துப்புரவாக வைத்துக்கொள்பவள் அவள். நின்ற இடத்திலேயே நான்கைந்து குரல்செய்திகளைக் காதில் வைத்துக் கேட்டேன். பிறகு போனைக் கொடுத்துவிட்டேன்.

இதில் யாரும் என்னை வேவு பார்க்கவில்லை. யாரும் என் செய்தியைப் படித்துக் கேள்வி கேட்கவில்லை. போன் அவர்களுடையது, உள்ளே இருந்ததும் அதோடு போயிற்று, அவ்வளவுதான். அலுவலகச் சாதனத்தில் சொந்தப் பேச்சு என்றவுடன் ‘யாராவது படிப்பார்களோ’ என்ற பயம்தான் எல்லாருக்கும் முதலில் வரும். எனக்கு முதல் அடி அந்தப் பக்கத்திலிருந்து விழவில்லை.

அதனால் புதிய இடத்தில் சேர்ந்தபோது இரண்டு வழிகளைச் சொன்னார்கள்: அலுவலகம் தரும் போனை வாங்கிக்கொள்ளலாம், அல்லது என் சொந்த ஆண்ட்ராய்டு போனிலேயே வொர்க் புரொஃபைல் அமைத்துக்கொள்ளலாம். இரண்டாவதை எடுத்தேன். இந்த மதிப்புரை அதைப் பற்றியது. நான் கணினித் துறை ஆள் இல்லை. கொள்முதல் பிரிவில் விலைப்புள்ளிகளோடு மல்லுக்கட்டுபவள். ஆனால் செட்டிங்ஸ் பக்கங்களையும் ஒப்பந்தங்களின் பொடி எழுத்தையும் வரி விடாமல் படிக்கிற வியாதி உண்டு.

வொர்க் புரொஃபைல் 2014இல் வந்த ஆண்ட்ராய்டு 5 பதிப்பிலிருந்தே இருக்கிறது. ஒரே வீட்டில் இரண்டு குடித்தனம் வைப்பது போன்ற ஏற்பாடு. நிறுவனம் சொல்லும் மேலாண்மைச் செயலியை நிறுவி அலுவலகக் கணக்கைக் கொடுத்தால், போனுக்குள் தனியாக ஒரு பகுதி உருவாகிறது. செயலிகளின் பட்டியலில் சொந்தத்துக்கு ஒரு பக்கம், வேலைக்கு ஒரு பக்கம். வேலைப் பக்கத்துச் செயலிகளின் படத்தில் மட்டும் ஒரு சின்னக் கைப்பெட்டிக் குறி ஒட்டிக்கொண்டிருக்கும். ஒரே செயலி இரண்டு பக்கமும் இருக்கலாம். ஆனால் ஒன்றின் தரவு இன்னொன்றுக்குத் தெரியாது. தொடர்புகள், கோப்புகள், படங்கள் எல்லாம் தனித்தனி. அமைக்க எனக்குக் கால் மணி நேரம் ஆனது. அதைப் பற்றிச் சொல்ல வேறு ஒன்றுமில்லை.

சொல்ல வேண்டியது, யாருக்கு எது தெரியும் என்பதுதான். சொந்த போனில் வொர்க் புரொஃபைல் போட்டிருந்தால், நிறுவனத்தின் அதிகாரம் கைப்பெட்டிக் குறி போட்ட பக்கத்தோடு நின்றுவிடுகிறது. அங்கே எந்தச் செயலி இருக்கலாம், எது கூடாது, அங்கிருந்து நகலெடுத்து இந்தப் பக்கம் ஒட்டலாமா, ஸ்கிரீன்ஷாட் எடுக்கலாமா என்பதையெல்லாம் அவர்கள் முடிவு செய்வார்கள். என் பக்கத்தில் என்ன செயலிகள் இருக்கின்றன என்ற பட்டியல்கூட அவர்களுக்குப் போவதில்லை. என் குறுஞ்செய்தி, வாட்ஸ்அப், படங்கள், உலாவிய தளங்கள் எதுவும் போவதில்லை. நான் வேலையை விட்டால் அவர்கள் அழிப்பது அந்தக் குடித்தனத்தை மட்டும்தான், வீடு என்னுடையது. போன் முழுவதற்கும் பொருந்துகிற ஒரு விஷயத்தில் அவர்களால் தலையிட முடியும்: திரைப்பூட்டு. என் நான்கு இலக்க எண்ணை ஆறாக்கச் சொன்னார்கள். அம்மாவின் பிறந்த வருடத்தை விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. அது நல்லதற்குத்தான் என்று ஐ.டி. பிரிவு சொன்னது, உண்மைதான், ஆனால் எரிச்சலாக இருந்தது.

பழைய அலுவலக போன் எப்படிப்பட்டது என்பது இந்தப் பக்கங்களைப் படித்த பிறகுதான் புரிந்தது. அது ‘முழுமையாக நிர்வகிக்கப்படும்’ போன். அப்படிப்பட்ட போன்களின் செட்டிங்ஸில், நிறுவனம் எந்தெந்த வகைத் தகவலைப் பார்க்கக்கூடும் என்று ஆண்ட்ராய்டே ஒரு பக்கம் போட்டு வைத்திருக்கிறது. போனில் உள்ள செயலிகளின் பட்டியல், ஒவ்வொரு செயலியிலும் செலவான நேரமும் தரவும், இணையப் போக்குவரத்துப் பதிவு, பாதுகாப்புப் பதிவு என்று அந்தப் பட்டியல் நீள்கிறது. மூன்று வருடம் அந்த போனை வைத்திருந்தேன். அந்தப் பக்கத்தை ஒருநாளும் திறந்து பார்க்கவில்லை. பொடி எழுத்துப் படிப்பவள் என்று மேலே பெருமை அடித்துக்கொண்டேனே, அந்தப் பழக்கம் அடி வாங்கிய பிறகு வந்தது.

இவை இரண்டுக்கும் நடுவில் மூன்றாவது வகை ஒன்று உண்டு: போன் நிறுவனத்துடையது, ஆனால் உள்ளே வொர்க் புரொஃபைலும் தனிப்பக்கமும் இருக்கும். பெயர் ஒன்றாக இருப்பதால் இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். 2020இல் வந்த ஆண்ட்ராய்டு 11 இந்த வகையில் தனிப்பக்கத்தின் அந்தரங்கத்தை நன்றாகவே இறுக்கியது. உங்கள் செய்திகளையும் படங்களையும் நிறுவனத்தால் பார்க்கமுடியாது. ஆனாலும் தனிப்பக்கத்தில் எந்தச் செயலிகளை நிறுவக்கூடாது என்று அவர்கள் தடை போடலாம். கேமராவையே முடக்கலாம். வேலைப் பக்கத்தை நீங்கள் பல நாள் அணைத்தே வைத்திருந்தால், மறுபடி போடும்வரை உங்கள் சொந்தச் செயலிகளை நிறுத்தி வைக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, முழு போனையும் ரீசெட் செய்யலாம். அதாவது படிக்கமாட்டார்கள், ஆனால் அழிக்கமுடியும். என் கதையில் நடந்தது அதேதான். ஆகவே ‘வொர்க் புரொஃபைல் இருக்கிறது’ என்று யாராவது சொன்னால், போன் யாருடையது என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்விக்குள் பாதி விஷயம் அடங்கிவிடும்.

இனி தினசரிப் பயன்பாடு. எனக்கு மிகவும் பிடித்தது அந்த நிறுத்து பொத்தான். வேலைப் பக்கத்தின் அடியில் இருக்கிறது. அழுத்தினால் கைப்பெட்டிக் குறி போட்ட அத்தனை செயலிகளும் சாம்பல் நிறமாகிப் படுத்துவிடும். அறிவிப்பு வராது, பின்னணியில் எதுவும் ஓடாது. மாலையில் அதை அழுத்தும்போது கிடைக்கும் நிம்மதிக்காகவே இந்த வசதிக்கு ஒரு மதிப்பெண் கூடப் போடுவேன். ஆனால் சிம் கார்டுக்குச் சுவர் கிடையாது. என் எண்ணைத் தெரிந்து வைத்திருக்கும் மேலாளர் நேராகவே அழைத்துவிடுகிறார். “மெயில் பார்க்கவில்லையா?” என்பார். அதற்கு ஆண்ட்ராய்டு என்ன செய்யும்?

மிகவும் படுத்தியது கேமரா. என் போனில் இரண்டு கேமராக்கள் தெரியும். ஒன்று என்னுடையது, ஒன்று கைப்பெட்டிக் குறியோடு. போன மாதம் தங்கை வீட்டுக்குப் போயிருந்தபோது அம்மாவின் புதிய மருந்துச் சீட்டைப் படமெடுத்தேன். அம்மாவே அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டிருந்தார். ஓரத்தில் அவருடைய கட்டைவிரல், நகத்தில் போன வாரத்து மருதாணி. பிறகு தங்கைக்கு அனுப்பலாம் என்று தேடினால் படம் எங்குமே இல்லை. அழிந்துவிட்டதோ என்று பத்து நிமிடம் பதறிவிட்டு, கடைசியில் வேலைப் பக்கத்துப் படத்தொகுப்பைத் திறந்தால், சப்ளையர் அனுப்பிய அட்டைப்பெட்டிப் படங்களுக்கு நடுவே அம்மாவின் விரல். தவறான கேமராவைத் தொட்டிருக்கிறேன். எங்கள் நிறுவனம் என் பக்கத்திலிருந்து வேலைப் பக்கத்துக்குக் கோப்பு அனுப்பும் வழியைத் திறந்தும், அங்கிருந்து இங்கே வரும் வழியை அடைத்தும் வைத்திருக்கிறது. அவர்கள் நோக்கில் அது சரிதான். நிறுவனத்தின் கோப்பு வெளியே போகக்கூடாது. ஆனால் அந்தக் கதவுக்கு, மருந்துச் சீட்டும் கொள்முதல் ஆணையும் ஒன்றுதான். ஸ்கிரீன்ஷாட்டும் தடை. என் அம்மாவின் விரல் நிறுவனத்தின் சொத்தாகி உட்கார்ந்துகொண்டது.

வைஃபை பற்றி ஒரு வார்த்தை. சுவர் போனுக்குள்தான் இருக்கிறது, காற்றில் இல்லை. அலுவலக வைஃபையில் இணைந்தால் என் தனிப்பக்கத்தின் போக்குவரத்தும் அவர்களுடைய கருவி வழியாகத்தான் போகும். இன்றைக்குப் பெரும்பாலான தளங்கள் என்கிரிப்ஷன் எனப்படும் மறையாக்கத்தோடு வருவதால் நான் என்ன எழுதினேன் என்பது தெரியாது. எந்தத் தளத்துக்குப் போனேன், எப்போது போனேன் என்பது பொதுவாகத் தெரியும். இரவு பகலாக ஒரு மருத்துவமனைத் தளத்தைத் திறந்துகொண்டிருந்தால் உள்ளடக்கம் எதற்கு? நான் என் மொபைல் டேட்டாவையே வைத்துக்கொண்டேன்.

ஆக, போனைப் பொறுத்தவரை சுவர் நிற்கிறது. பதினான்கு மாதத்தில் என் சொந்தச் செய்தி ஒன்றுகூட அந்தச் சுவரைத் தாண்டிப் போனதில்லை. போன ஒரே படமும் என் விரலால் போனது.

ஆனால் மேசையில் லேப்டாப் என்று ஒன்று இருக்கிறதே.

சுவர் இருக்கும் தைரியத்தில் நான் செய்த முட்டாள்தனம், அலுவலக லேப்டாப்பில் வாட்ஸ்அப் வெப்பைத் திறந்து வைத்ததுதான். பெரிய விசைப்பலகையில் தங்கைக்குப் பதில் எழுதுவது சுகம். போனை எடுத்து எடுத்துப் பார்க்கிறாள் என்ற பெயரும் வராது. வாட்ஸ்அப் 2016இலிருந்தே முழு மறையாக்கத்தோடு இயங்குகிறது, நடுவில் யாரும் படிக்கமுடியாது என்ற நினைப்பு வேறு. மறையாக்கம் என்பது வழியில் போகும் கடிதத்துக்கு உறை. என் தங்கையின் போனில் ஒட்டிய உறை லேப்டாப்பில் பிரிக்கப்படுகிறது. பிரித்த கடிதம் திரையில் கிடக்கிறது, திரையோ நிறுவனத்துடையது. திரையைப் படமெடுக்கும் மென்பொருளையோ விசை அழுத்தங்களைப் பதியும் மென்பொருளையோ அதில் நிறுவனம் போட்டிருந்தால், உறை எவ்வளவு கெட்டி என்பது ஒரு பொருட்டே இல்லை. பிரவுசரின் மறைநிலைச் சாளரமும் இதற்கு உதவாது. அது அதே லேப்டாப்பை அடுத்துப் பயன்படுத்துபவரிடமிருந்துதான் வரலாற்றை மறைக்கும், லேப்டாப்பிடமிருந்தே மறைக்காது.

இத்தனை யோசனையும் பின்னால் வந்தது. முதலில் வந்தது காலாண்டுக் கூட்டம். பன்னிரண்டு பேர் இணைந்திருந்தார்கள். மூன்று சப்ளையர்களின் விலைப்புள்ளிகளை ஒப்பிட்டு நான் போட்ட அட்டவணை எல்லார் திரையிலும் ஓடிக்கொண்டிருந்தது. சாளரத்தை மட்டும் பகிராமல் முழுத் திரையையும் பகிர்ந்திருந்தேன். வலது மூலையில் ஓர் அறிவிப்பு மெல்ல எழுந்தது. “அக்கா, அம்மா மறுபடியும் குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டார். பயப்படாதே, எலும்பு...” என்பதோடு பெட்டி முடிந்துவிட்டது. எனக்கு அதற்கு மேல் படிக்கவேண்டும். பன்னிரண்டு பேருக்கும் அதற்கு மேல் படிக்கவேண்டும். யாரும் பேசவில்லை. மேலாளர்தான், “நீங்கள் போய்ப் பேசிவிட்டு வாருங்கள்” என்றார். எலும்பு முறியவில்லை. ஆனால் அதற்குப் பிறகு ஒரு வாரம், காபி எடுக்கப் போன இடத்திலெல்லாம் அம்மாவின் உடல்நிலை பற்றி எனக்குப் பெயர்கூடத் தெரியாதவர்கள் விசாரித்தார்கள். எல்லாரும் அன்பாகத்தான் கேட்டார்கள். அந்த அன்பைத் தாங்கமுடியவில்லை. வாட்ஸ்அப்பில் இணைக்கப்பட்ட சாதனங்கள் என்ற பட்டியலுக்குப் போய் அன்று மாலையே லேப்டாப்பை வெளியேற்றினேன்.

அதே மேலாளர் வேறொரு நாள், “லேப்டாப்பில் யார் பார்க்கப்போகிறார்கள்? சும்மா பயன்படுத்துங்கள்” என்றார். நல்ல மனிதர், மனதில் இருந்ததைத்தான் சொன்னார். எனக்குக் கலிஃபோர்னியாவில் ஆன்டாரியோ நகரக் காவல்துறை வழக்கு நினைவுக்கு வந்தது. அதிரடிப் பிரிவுக் காவலர்களுக்கு, குறுஞ்செய்தி அனுப்பவும் பெறவும் பேஜர் என்ற சின்னக் கருவியை நகரம் கொடுத்திருந்தது. ஒவ்வொன்றுக்கும் மாதம் 25,000 எழுத்துகள் வரம்பு. க்வான் என்ற சார்ஜென்ட் வரம்பைத் தாண்டிக்கொண்டே இருந்தார். கூடுதல் கட்டணத்தைக் கையிலிருந்து கட்டிவிட்டால் செய்திகளைத் தணிக்கை செய்யமாட்டேன் என்று அவருடைய அதிகாரி வாய்வார்த்தையாகச் சொல்லியிருந்தார். பிறகு ஒருநாள் தணிக்கை வந்தது. 2002 ஆகஸ்ட் மாதத்தில் பணி நேரத்தில் அனுப்பியதும் பெற்றதுமான 456 செய்திகளில் வேலை சம்பந்தப்பட்டவை 57க்கு மேல் இல்லை. மற்றவற்றில் சில மிகவும் அந்தரங்கமானவை. 2010இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், வரம்பு போதுமா என்று பார்க்க வேலை நிமித்தம் செய்த அந்தத் தணிக்கை நியாயமானதுதான் என்று சொல்லிவிட்டது. அந்த அதிகாரியும் நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார். கொள்முதலில் இருபது வருடம் இருந்துவிட்டு வாய்வார்த்தையை நம்பினால் என்னை நானே மன்னிக்கமாட்டேன்.

லேப்டாப்பில் பிரவுசர் வழியாகச் சொந்த மெயில் பார்ப்பவர்களுக்கு இன்னொரு வழக்கு இருக்கிறது. அதே வருடம் தீர்ப்பான நியூ ஜெர்சி வழக்கு. வேலையை விடவிருந்த ஒரு பெண் அதிகாரி, அலுவலக லேப்டாப்பிலிருந்து, கடவுச்சொல் போட்ட தன் சொந்த யாஹூ கணக்கில் தன் வக்கீலுக்கு எழுதினார். கடவுச்சொல்லை லேப்டாப்பில் சேமிக்கக்கூட இல்லை. ஆனால் பிரவுசர், பார்த்த ஒவ்வொரு பக்கத்தையும் தற்காலிகக் கோப்பாகச் சத்தமில்லாமல் எடுத்து வைத்திருந்தது. அவர் வழக்கு தொடுத்த பிறகு நிறுவனம் நிபுணரைக் கொண்டு வன்தட்டைக் கிளறியது. கடிதங்கள் வந்து விழுந்தன. மாநில உச்ச நீதிமன்றம் அவர் பக்கம்தான் நின்றது. வக்கீலுக்கு எழுதியது என்பதால் நின்றது என்றும் படிக்கலாம். நான் வக்கீலுக்கு எழுதுவதில்லை, தங்கைக்குத்தான் எழுதுகிறேன்.

அலுவலக அரட்டைச் செயலிகளையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலர் அங்கேதான் மனதைக் கொட்டுகிறார்கள். ஸ்லாக், டீம்ஸ் போன்றவற்றில் ‘தனிச் செய்தி’ என்பது மற்ற ஊழியர்களுக்குத் தெரியாத செய்தி. நிறுவனத்துக்குத் தெரியாத செய்தி இல்லை. அதற்கான திட்டமும் உரிய அனுமதியும் இருந்தால் நிறுவனம் அவற்றை எடுத்துப் பார்க்கமுடியும். செய்திகளைப் பாதுகாத்து வைக்கும் கொள்கை போடப்பட்டிருந்தால், நான் அவசரமாக அழித்த வரிக்கும் அங்கே ஒரு பிரதி இருக்கும். மேலாளரைப் பற்றிய புலம்பலைச் சக ஊழியரிடம் எங்கே புலம்புவது என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

கூட்டத்து அவமானத்துக்குப் பிறகு நிறுவனத்தின் கொள்கைக் கையேட்டை எடுத்துப் படித்தேன். ‘சாதனங்கள் கண்காணிக்கப்படலாம்’ என்று ஒரு வரி. படலாம் என்றால்? எதை, யார், எப்போது, எத்தனை நாள் வைத்திருப்பார்கள்? இந்த நான்கையும் கேட்டு மனிதவளப் பிரிவுக்கு மெயில் எழுதினேன். இப்படிக் கேட்பது முறைதானா என்று ஒரு நாள் தயங்கினேன். தைரியம் கொடுத்தது ஒரு ருமேனிய வழக்கு. பார்புலெஸ்கு என்ற விற்பனைப் பொறியாளரிடம், வாடிக்கையாளர்களுக்குப் பதில் சொல்ல யாஹூ மெசஞ்சர் கணக்கு ஒன்றைத் தொடங்கச் சொன்னது அவர் நிறுவனம். 2007 ஜூலை 5 முதல் 13 வரை அதைக் கண்காணித்தது. வேலைக்கு மட்டுமே பயன்படுத்தினேன் என்று அவர் எழுதிக் கொடுத்ததும், 45 பக்க எழுத்துப்படியை அவர் முன் வைத்தது. தன் சகோதரரோடும் மணக்கவிருந்த பெண்ணோடும் பேசிய சொந்தப் பேச்சும் அதில் இருந்தது. வேலை போயிற்று. ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தில் 2016இல் தோற்றார். அதே நீதிமன்றத்தின் பேரமர்வு 2017 செப்டம்பர் 5 அன்று, 11க்கு 6 என்ற கணக்கில், அவருடைய அந்தரங்க உரிமை காக்கப்படவில்லை என்று தீர்ப்பளித்தது. சொந்தப் பயன்பாடு கூடாது என்ற விதி அவருக்குத் தெரிந்தே இருந்தது. அது மட்டும் போதாது என்றார்கள் நீதிபதிகள். கண்காணிப்பு உண்டு என்று முன்கூட்டியே சொன்னார்களா, எந்த அளவுக்கு என்று சொன்னார்களா, செய்தி போய்வருவதைப் பார்த்தார்களா அல்லது உள்ளே இருப்பதையே படித்தார்களா, அதற்கு உருப்படியான காரணம் இருந்ததா, இதைவிட மென்மையான வழி இல்லையா என்று கேட்டார்கள். என் நான்கு கேள்விகள் அவற்றின் ஏழைச் சொந்தக்காரர்கள்.

ஒன்பது நாள் கழித்துப் பதில் வந்தது. லேப்டாப்பில் போகும் தளங்களின் பெயர் பதிவாகும்; நிறுவும் மென்பொருள் பதிவாகும்; திரையைப் படமெடுப்பதில்லை; விசாரணை என்று வந்தால் மட்டும், மனிதவளப் பிரிவின் ஒப்புதலோடு, அலுவலக மெயிலும் அரட்டையும் எடுக்கப்படும் என்று எழுதியிருந்தார்கள். எத்தனை நாள் வைத்திருப்பார்கள் என்ற நான்காவது கேள்விக்கு மட்டும் பதில் இல்லை. நினைவூட்டியிருக்கிறேன். சப்ளையரிடம் விலைப்புள்ளியில் ஒரு கட்டம் காலியாக இருந்தால் விடமாட்டேன். இதை மட்டும் ஏன் விடவேண்டும்?

யார் வாங்கலாம் என்று மதிப்புரையில் சொல்லவேண்டுமே. வாங்க ஒன்றுமில்லை, உங்கள் போனிலேயே இருக்கிறது, நிறுவனம் அதைத் திறந்து விடவேண்டும், அவ்வளவுதான். சொந்த போனில் முழுக் கட்டுப்பாட்டையும் கேட்கும் நிறுவனம் என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள், வொர்க் புரொஃபைல் கேளுங்கள். அவர்களே போன் தருகிறார்கள் என்றால், அதில் எத்தனை அழகான தனிப்பக்கம் இருந்தாலும், வீட்டுப் பேச்சுக்கு ஒரு பழைய போனையாவது தனியாக வைத்துக்கொள்ளுங்கள். ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன். குறைத்த ஒன்று கேமராவுக்காக. முதல் வேலையாக நான் செய்திருக்கவேண்டியது, கைப்பெட்டிக் குறி போட்ட கேமராவை முகப்புத் திரையிலிருந்து எடுத்து எறிவது. லேப்டாப்புக்கு மதிப்பெண் எதுவும் போடவில்லை. அது இந்த மதிப்புரைக்குள் அழைக்காமல் வந்த விருந்தாளி.

அந்த மருந்துச் சீட்டுப் படத்தின் கதையைப் பாதியில் விட்டுவிட்டேன். அன்று நான் ஒவ்வொரு வழியாக முயன்று, ஒவ்வொன்றிலும் ‘உங்கள் நிர்வாகி அனுமதிக்கவில்லை’ என்ற வாசகத்தைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்ததைத் தங்கை சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். “படத்தைப் பெரிசாக வைத்து அசையாமல் பிடி அக்கா” என்றாள். தன் போனை எடுத்து என் போனின் திரையைப் படமெடுத்தாள். கொஞ்சம் கோணல், மேலே குழல்விளக்கின் பளபளப்பு. மருந்தின் பெயர் தெளிவாக இருந்தது. கட்டைவிரலும் இருந்தது.